பதினெட்டு அடி

பாலக்கரையில் மருதையா காம்பவுண்டு என்றால் இருபத்திரண்டு வீடு, ஒரு கிணறு, மூன்று கக்கூஸ். கக்கூஸ் மூன்றையும் கட்டியவர் கொத்தனார் அற்புதசாமி. அவரும் அந்தக் காம்பவுண்டில்தான் குடியிருந்தார்.

முதலில் கக்கூஸ் தெருப்பக்கம் இருந்தது. தினமும் ஆள் வந்து அள்ளிப் போகிற பழைய மாதிரி. அறுபத்து மூன்றில் மருதையாவுக்குத் தெருப்பக்கம் கடைகள் கட்டி வாடகைக்கு விடவேண்டும் என்று ஆசை வந்தது. கக்கூசைப் பின்னால் தள்ளிக் குழி வெட்டிக் கட்டச் சொன்னார். அற்புதசாமி இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"மொதலாளி, கிணறு ரொம்பக் கிட்ட இருக்குங்க. குழிக்கும் கிணத்துக்கும் அம்பது அடியாவது விடணும்."

"அம்பது அடிக்குப் பக்கத்து மனையில போயா தோண்ட முடியும்? இருக்கிற எடத்துல வெட்டுப்பா."

"அப்ப உள்ள செங்கல் வெச்சு சிமெண்டு பூசிடலாங்களா?"

"பூசுனா சீக்கிரம் ரொம்பிடும். மண்ணு குடிச்சுக்கட்டும், விடு."

அற்புதசாமி விட்டுவிட்டார். வேலை முடிந்த மாதமே மூலையில் இருந்த இரண்டு அறை வீடு காலியாயிற்று. காம்பவுண்டில் தனி அடுப்படி உள்ள வீடு அது ஒன்றுதான். அதற்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மருதையா அதை அற்புதசாமிக்குக் கொடுத்தார். அவருடைய மனைவி ரோசம்மாள் பதினோரு வருஷம் படுக்கிற அறையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தவள். குடிவந்த அன்று அடுப்படி ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்ததில் குழியைப் பற்றிய நினைப்பு அவருக்கு மெல்ல விட்டுப்போயிற்று.

அடுத்த மழைக்கு நாலைந்து பேருக்கு வயிறு போயிற்று. ஓமத்தண்ணீர் வைத்துக் குடித்தார்கள், நின்றுவிட்டது. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்றார்கள்.

அறுபத்தைந்து சித்திரையில் செல்லக்கிளியும் அவள் புருஷன் வீரமலையும் அங்கே குடிவந்தார்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். செல்லக்கிளியின் அப்பா உப்பிலியபுரத்துக்காரர். ரங்கூனுக்குப் பிழைக்கப் போய், அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்த பர்மாப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். மகளுக்கு முகம் அம்மாவுடையது. பேச்சு அப்பாவுடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உப்பிலியபுரத்துச் சந்தையில் நிற்பது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் சின்னக் கண்ணும் சப்பை மூக்கும், கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டமுமாக வேறு தேசத்துக்காரி நிற்பாள்.

ஊரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குத்தான் முதலில் போனார்கள். பத்தாம் நாள் சித்தப்பா வீட்டாரே டவுன் பக்கம் வேலை கிடைக்கும் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்களாம். ரங்கூன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய வீரமலை இங்கே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். செல்லக்கிளி காம்பவுண்டு வாசலில் சாயங்காலக் கடை போட்டாள். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றி, வடையை நொறுக்கிப் போட்டு, வறுத்த மாவைத் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள். முதலில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். அவள் குழம்பில் கரைக்கிற நாப்பி என்ற மீன் விழுது அப்படி நாறும். ஒரு வாரத்தில் மூக்கைப் பிடித்தவர்கள் கிண்ணத்தோடு நின்றார்கள். ரோசம்மாளுக்குச் சனிக்கிழமையானால் அது வேண்டும். அற்புதசாமி வேலை செய்த இடத்தில் மீந்த செங்கல்லைக் கொண்டுவந்து அவளுக்கு ஓர் அடுப்பே கட்டிக் கொடுத்தார்.

வாசலின் மறுபக்கம் அமிர்தம் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பாள். காம்பவுண்டிலேயே குடியிருந்தவள், புருஷன் ஓடிப்போனவள். கனகு என்று நாலு வயதில் ஒரு பெண் உண்டு. அமிர்தத்துக்கும் செல்லக்கிளிக்கும் எப்படியோ ஒட்டிப்போயிற்று. அமிர்தம் பூ எடுக்கப் போகிற நேரத்தில் கனகு செல்லக்கிளியிடம்தான் இருப்பாள். பர்மா பாஷையில் ஒன்று முதல் பத்து வரை சொல்லக் கற்றுக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

ஐப்பசியில் மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கிணற்றில் தண்ணீர் கையால் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. குடத்தைக் கயிறு இல்லாமலே முக்கி எடுக்கலாம் என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். மழை விட்ட நாலாம் நாள் கோடி வீட்டுக் கிழவர் ஒருவர் வாந்திபேதியில் போனார். ஆறாம் நாள் காலையில் கனகுக்கு வந்தது. பத்து மணிக்குள் குழந்தை துவண்டுவிட்டது. அமிர்தத்துக்குக் கையும் காலும் நடுங்கி நிற்க முடியவில்லை. செல்லக்கிளிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஜட்காவைப் பிடித்து அமிர்தத்தையும் ஏற்றிக்கொண்டாள். பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் கிணற்றடியில் குடங்கள் வெறுமனே நின்றன. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள். பயம் ஆளுக்கு ஆள் முகத்தில் தெரிந்தது. அப்போது, அற்புதசாமிக்கு முன்னால் நின்ற ரோசம்மாள்தான் சொன்னாள். அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் தேவலை என்று இருந்தது, சொன்னாள்.

"அந்த நாப்பிப் பானைய அவ இங்கதானே கழுவுறா? அது என்ன மீனோ, எந்தக் கடல்ல எப்பச் செத்ததோ?"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அது வேறு உருவத்தில் அவள் காதுக்கே திரும்பி வந்தது. பர்மாக்காரி பாம்பு தின்பவள். கப்பலில் பாதிப் பேர் வாந்திபேதியில் செத்து, கடலில் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் கரைக்கு வந்தார்களாம். கிழவர் சாவதற்கு முதல் நாள் அவள் கடையில் சாப்பிட்டாராம். குழந்தை அவள் மடியிலேயே கிடந்துதானே செத்தது? தையல்காரர் அம்மாசிக்குக் குரல் பெரிது. மெஷினை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். அவரும் போன வாரம் வரை அவளிடம் கடன் சொல்லிச் சாப்பிட்டவர்தான்.

அமிர்தம் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் செல்லக்கிளி கஞ்சி கொண்டுபோனபோது விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செல்லக்கிளி கஞ்சியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அன்றைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெகபர் அலி வந்தார். எல்லோருக்கும் ஊசி போட வைத்தார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார். அன்று ஒரே நாளில் அவருக்கு ஆறு தெரு. அம்மாசியும் இன்னும் பத்துப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு பர்மாக்காரியின் பானையைப் பற்றியே சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தார்.

"கக்கூஸ் குழி எங்க இருக்கு?"

யாரோ அற்புதசாமியைக் காட்டினார்கள். "இவர்தான் கட்டுனவரு, கேளுங்க."

"மேஸ்திரி, குழிக்கும் கிணத்துக்கும் எத்தன அடி இருக்கும்?"

அற்புதசாமிக்குத் தெரியும். அவரே நூல் பிடித்தவர். பதினெட்டு அடி. மருதையாவின் குமாஸ்தா பக்கத்தில் நின்றான். ரோசம்மாள் ஜன்னல் வைத்த அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாசி மறுபடி பானையைப் பற்றி ஆரம்பித்தார்.

"அம்பது அடி இருக்குங்க," என்றார் அற்புதசாமி.

குழியின் மூடி மண்ணுக்குள் இருந்தது. ஜெகபர் அலி நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

செல்லக்கிளி கிணற்றடிக்கு வரக் கூடாது என்று அன்று மாலையே முடிவாயிற்று. அவள் மறுக்கவில்லை. காலையில் எழுந்து தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகும் காம்பவுண்டில் மூன்று பேர் படுத்தார்கள். பர்மாக்காரர்கள் இரண்டு பேரும் நன்றாகவே இருந்தார்கள்.

அதை அம்மாசிதான் கண்டுபிடித்தார். "பாத்தீங்களா? காம்பவுண்டு முழுக்கப் படுத்துக் கெடக்கு. அவங்களுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அது எப்படிங்கிறேன்?"

அதைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. அற்புதசாமி அந்தக் கூட்டத்தில் நின்றார். அவருக்கும் சிலிர்த்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் படுக்கிறார்கள். குடிக்காதவர்கள் நடமாடுகிறார்கள். இத்தனை பேர் நடுவில் இது தனக்கு மட்டும்தானா தெரிகிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். போன வருஷமும் மழைக்கு வயிறு போனதே, அப்போது இவர்கள் ரங்கூனில் அல்லவா இருந்தார்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி மருதையாவிடம் போகும். இருபத்திரண்டு வீட்டிலும் வாடகைச் சீட்டு கிடையாது. அவர் காலி பண்ணச் சொன்னால் காலி பண்ண வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மருதையாவே வந்தார். பெண்கள் அழுதார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நீங்க எல்லாரும் எம் புள்ளைங்க மாதிரி. ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பனா? அந்த பர்மாக்காரங்களை இன்னிக்கே அனுப்பிடுறேன்."

கூட்டத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். மருதையா திரும்பி அற்புதசாமியைப் பார்த்தார்.

"வாசல்ல அந்த அடுப்பையும் பேத்துடுப்பா. அது இருந்தா மறுபடி வந்து உக்காருவா."

அற்புதசாமி கடப்பாறையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வீரமலை சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. செல்லக்கிளி அடுப்புச் சாம்பலை அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"சூடு இருக்கும்ண்ணே, கால்ல பட்டுடப் போவுது," என்றாள்.

அவர் முதல் அடி அடித்தார். செங்கல் பெயரவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

"ரங்கூன்ல அரிசி கெடைக்காமப் போச்சுண்ணே," என்றாள் அவள், சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல. "வரிசையில நிப்போம். எங்க பின்னாடி நிக்கிறவங்க, இந்தியாக்காரங்க தின்னே தீத்துட்டாங்கன்னாங்க. நாங்களும் கெளம்பி வந்துட்டோம். இப்ப அங்க அரிசி கெடைக்குதான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேக்கணும்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். யாருக்குப் போடுறதுன்னுதான் தெரியல."

அவர் கடப்பாறையை மறுபடி ஓங்கினார். அடுப்பு பெயர்ந்து முடிகிற வரை அவள் நின்றாள். பிறகு வண்டியின் பின்னால் நடந்தாள். ஒரு மண்பானையை மட்டும் வைக்க இடமில்லாமல் சுவரோரம் விட்டுவிட்டுப் போனார்கள்.

பிளீச்சிங் பவுடர் வேலை செய்ததோ, மழை நின்றதால் நீர்மட்டம் இறங்கியதோ, பன்னிரண்டு நாள் யாரும் படுக்கவில்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மருதையா வெல்லமும் அரிசியும் கொடுத்தனுப்பினார். அம்மாசி தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். அற்புதசாமிக்குக்கூட ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அவள்தான் காரணமோ? அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. இந்தத் தடவை முதலில் படுத்தவள் ரோசம்மாள்.

விடிகாலையில் ஆரம்பித்தது. எட்டு மணிக்கு அவள் கண் உள்ளே போய்விட்டது. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜட்காவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திப் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்துத்தான் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார்.

நாலாம் நாள் மாற்றுத் துணி எடுக்க அவர் காம்பவுண்டுக்கு வந்தபோது அவருடைய வீட்டு வாசலில் கூட்டம். அம்மாசி உள்ளேயிருந்து செல்லக்கிளி விட்டுப்போன மண்பானையை ஒரு குச்சியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல பானை வீணாகிறதே என்று ரோசம்மாள் அதை எடுத்து அரிசி போட்டு வைத்திருந்தாள்.

"மேஸ்திரி, ஒம் பொண்டாட்டி பண்ணுன வேலையப் பாரு. அவ வெச்சுட்டுப் போனத வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கா. இனிமே அவ கிணத்தடிக்கு வரக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். ரோசம்மாளோடு பத்து வருஷம் தண்ணீர் இழுத்தவர்கள். அற்புதசாமி ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அது அவருக்குத் தெரிந்தது. துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

ரோசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். பானை விஷயத்தைச் சொன்னார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அவ போயிட்டாளே. அப்புறமும் எனக்கு எப்படிங்க வந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிணறுதான். குழி பக்கத்துல இருக்கு. பதினெட்டு அடி. உள்ள பூசல."

"ஒங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"வெட்டுறப்பவே தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். ரோசம்மாள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நான்தாங்க மொதல்ல அந்தப் பேச்சப் பேசுனேன். நாப்பிப் பானைன்னு. நீங்க பின்னாடிதானே நின்னீங்க? ஏன் என்னய நிறுத்தல?"

"நீ பேசுனது எனக்கு வசதியா இருந்துச்சு," என்றார் அற்புதசாமி.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரிந்தது. ரோசம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளிருந்தே சொன்னாள்: "போயிச் சொல்லுங்க. அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட போயிச் சொல்லுங்க. வீடு போனாப் போவட்டும்."

அவர் நேரே ஜெகபர் அலியின் ஆபீசுக்குப் போனார். ஐம்பது அடி என்று சொன்னது பொய் என்றார். ஜெகபர் அலி திட்டவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்து, எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் டேப் புடிச்சு அளந்திருக்கணும் மேஸ்திரி. ஒங்க பேச்ச நம்பிட்டேன்," என்றார். பிறகு, "சொன்னாப் போதாது. மருதையா இல்லேம்பாரு. ஒங்க காம்பவுண்டு ஆளுங்களும் இல்லேம்பாங்க. கண்ணால காட்டணும்."

மறுநாள் காலை ஜெகபர் அலி எல்லோர் முன்னாலும் கிணற்றுக்குப் பலகை மூடி போட்டுப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அற்புதசாமி உறையூர் சாயப்பட்டறையில் வாங்கி வந்த சிவப்புச் சாயத்தை நாலு வாளித் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினார். இரண்டு நாள் கழித்து அதே கூட்டத்தின் முன்னால் பூட்டைத் திறந்து வாளியை விட்டார்கள். வாளி மேலே வந்தது. தண்ணீர் ரத்தமாக ஒன்றும் இல்லை. வெற்றிலை போட்டுக் கொப்பளித்த தண்ணீர் போல லேசான சிவப்பு. ஆனால் சிவப்பு.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் ஓங்கரித்தாள். இரண்டு வருஷமாக எதைக் குடித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"குழிய நான்தான் வெட்டுனேன்," என்றார் அற்புதசாமி. "கிணத்துக்குக் கிட்டன்னு தெரிஞ்சுதான் வெட்டுனேன். மொதலாளி சொன்னாரு, நான் வெட்டுனேன். அந்தப் புள்ள செல்லக்கிளி மேல ஒரு தப்பும் இல்ல."

முதலில் பேசியது அம்மாசி. அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது சரி. குழி ரெண்டு வருசமா இருக்கு. அப்பல்லாம் சாவாத சனம் இவ வந்தப்புறம்தானே செத்துச்சு?"

"போன வருசமும் வயிறு போச்சே அம்மாசி. நீயும்தானே படுத்தே?"

"அது வேற." அம்மாசி சுற்றிப் பார்த்தார். "இவன் எதுக்கு அவளுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறான்? அடுப்புக் கட்டிக் குடுத்தவன்தானே? இவனும் நம்ம ஆளா என்ன, வேதக்காரன்தானே?"

பத்துப் பதினைந்து வருஷமாக அம்மாசி தைத்த சட்டையைத்தான் அற்புதசாமி கிறிஸ்துமசுக்குப் போடுவது. அவருக்குக் கோபம் வரவில்லை. இது எப்படி நடக்கும் என்பதை அவர் ஏற்கனவே கூட்டத்துக்குள் நின்று பார்த்தவர். ஆனால் இந்தத் தடவை எல்லோரும் ஆமாம் போடவில்லை. பாதிப் பேர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிணற்றை மூட உத்தரவு வந்தது. காம்பவுண்டுக்குள் ஒரு குழாய் போட்டார்கள். மருதையா செலவை ஏற்றுக்கொண்டார். அந்த வாரமே அற்புதசாமியை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். எடத்தெருவில் ஓர் அறை கிடைத்தது. பின்னால் யாராவது புதிதாகக் குடிவந்து கிணறு ஏன் மூடிக்கிடக்கிறது என்று கேட்டால், பர்மாக்காரி ஒருத்தி கெடுத்துவிட்டுப் போனாள் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். கக்கூசுதான் காரணம் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள்.

செல்லக்கிளி ஸ்ரீரங்கத்தில் இருப்பதாக கூட்ஸ் ஷெட்டில் வீரமலையோடு மூட்டை தூக்கிய ஒருவர் சொன்னார். ஒரு மத்தியானம் அற்புதசாமி டவுன் பஸ்ஸில் போய் இறங்கினார். அம்மா மண்டபம் போகிற ரோட்டில், ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு அவள் சுண்டலும் வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்தாள். மீன் வாடையே இல்லை. கன்னத்தில் மஞ்சள் வட்டமும் இல்லை. புடவையை இழுத்துச் செருகி, எல்லோரையும் போல நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தாள்.

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு பேர் சுண்டல் வாங்கினார்கள். அவள் மடித்துக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பப் பேத்தப்ப ஒங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியும்."

அவள் கூடைமேல் போட்டிருந்த ஈரத் துணியை எடுத்து உதறி மறுபடி விரித்தாள்.

"அங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். பாதிப் பேரு நம்புனாங்க."

"மத்தவங்க என்னமோ நெனச்சுட்டுப் போவட்டும். எனக்கு அதப்பத்தி ஒண்ணுமில்ல. அமிர்தத்துக்கிட்ட சொன்னீங்களா?"

அமிர்தம் அன்று கூட்டத்தில் இல்லை. கனகு போன பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

"தனியாச் சொல்லல," என்றார்.

"அவ புள்ளய நான் கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டிருக்கா," என்றாள் செல்லக்கிளி. அதுவரை தெளிவாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "அவகிட்டச் சொல்லாம எங்கிட்ட எதுக்குண்ணே வந்தீங்க?"

அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். பாலத்தின்மேல் பஸ் போகும்போது, இறங்கி எடத்தெருவுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. நாலு பேர் முன்னால் குழிதான் காரணம் என்று சொல்வது வேறு. ஒரு தாயிடம் போய் நீ அந்தப் பிள்ளையை இழந்தது என் கையால் என்று சொல்வது வேறு. இறங்கியதும் கால் பாலக்கரைப் பக்கம் போயிற்று. அதற்கு அவர் தன்னை மெச்சிக்கொள்ளவில்லை.

அமிர்தம் காம்பவுண்டு வாசலில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். கிணறு, குழி, பதினெட்டு அடி, ஐம்பது என்று சொன்ன பொய். அவள் விரல்கள் நடுவில் நின்றன. ஆனால் நாரை விடவில்லை.

"ஜட்காவுல அவ மடியிலதான் கெடந்தா," என்றாள் கடைசியில். "எனக்குத் தூக்கத் தெம்பில்ல. அவ மடியிலதான் கண்ணு நின்னுச்சு. பெத்தவ நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், எம் மடியில இல்ல. அதனாலதான் அவங்க சொன்னதும் நம்பிட்டேன் போல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க. அவ மேல கோவமா இருந்தப்ப என்னால எந்திரிச்சு நிக்க முடிஞ்சுது மேஸ்திரி. பூக் கட்ட முடிஞ்சுது. இப்ப அதையும் புடுங்கிட்டீங்க." அவள் அழவில்லை. "எந்திரிங்க. என் முன்னாடி உக்காராதீங்க."

அவர் எழுந்தார். போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"எங்க இருக்கா?"

"ஸ்ரீரங்கத்துல. அம்மா மண்டபம் ரோட்டுல, சுண்டல் விக்குது."

அமிர்தம் பாதி கட்டிய சரத்தைக் கூடையில் போட்டாள். முந்தானையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் வேணா கூட வந்து காட்டட்டுமா?" என்றார் அற்புதசாமி.

"வேணாம்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தாள். பூக்கூடையை யாரிடமும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.